மனப்பாடம் செய்த ஆங்கில மரபுத்தொடர்கள் ஏன் கைகொடுப்பதில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஆங்கில வழியில் படித்தவர். நாளிதழ், அலுவலக மெயில், தொழில்நுட்பக் கட்டுரை எதிலும் அவருக்குச் சிரமம் இல்லை. ஆனால் லண்டன் அலுவலகத்து ஆட்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தாலோ, சப்டைட்டில் இல்லாமல் ஒரு தொடர் பார்த்தாலோ பாதி நழுவிப் போகிறது. மரபுத்தொடர் பட்டியல் புத்தகம் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்திருக்கிறார். கொஞ்ச நாளில் பாதி மறந்துவிட்டது. மறக்காத மீதியைப் பேச்சில் பயன்படுத்தச் சந்தர்ப்பமே வரவில்லை. அடுத்து ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வேறு எழுத வேண்டும். எப்படிக் கற்பது என்று கேட்கிறார்.

அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. உங்கள் ஞாபகசக்தியில் குறையே இல்லை. அந்தப் புத்தகத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி ஆங்கிலேயர் வாயிலேயே எப்போதாவதுதான் வரும். ரோசமண்ட் மூன் என்ற மொழியியலாளர், கணினியில் சேர்த்த பெரிய உரைத்தொகுப்பு ஒன்றில் இப்படிப்பட்ட நிலைத்த தொடர்களைத் தேடி எண்ணிப் பார்த்து 1998-இல் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். அவர் தேடியவற்றில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு முறைகூட வரவில்லை. பத்து லட்சம் சொல் என்றால் ஏறக்குறைய பத்து தடித்த நாவல். அவ்வளவு படித்தால் ஒரு தடவை கண்ணில் படக்கூடிய தொடரை வரிசையாக நூறு, இருநூறு என்று மனப்பாடம் செய்தால் மூளை எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? மழை என்றாலே 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று நம் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு லண்டனில் கொட்டும் மழையைப் பார்த்து ஒருவர் 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, பூனையும் நாயும் வருவதில்லை என்றால், நீங்கள் தவறவிடுவது எதை?

ஒரு மீட்டிங்கில் சாதாரணமாகக் காதில் விழக்கூடிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'வீ வேர் கோயிங் டு ரோல் இட் அவுட் இன் மார்ச், பட் தி கிளையன்ட் கெப்ட் புட்டிங் இட் ஆஃப், ஸோ வீ எண்டட் அப் ஸ்கேலிங் இட் பேக்.' இதில் அகராதியைப் புரட்ட வேண்டிய பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வேகமாகச் சொன்னால் நம்மில் பலருக்கு ஒரு கணம் தடுமாறும். மார்ச்சில் வெளியிடுவதாக இருந்தது, கிளையன்ட் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் திட்டத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் விஷயம். இதையே மெயிலில் 'லாஞ்ச்', 'போஸ்ட்போன்', 'ரெட்யூஸ்' என்று எழுதியிருந்தால் கண் தயங்காமல் படித்துப் போயிருப்பீர்கள்.

இதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் ஃப்ரெஞ்சு வந்தது. படிப்பாளிகளின் மொழியாக லத்தீன் ஏற்கெனவே இருந்தது. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பழைய ஆங்கிலத்தின் சின்னச் சின்னச் சொற்களே புழங்கின. அந்தப் பிரிவு இன்றும் போகவில்லை. எழுத்தில் லத்தீன் வழி வந்த நீளமான சொல், பேச்சில் 'கெட்', 'புட்', 'டேக்', 'கம்', 'டர்ன்' என்ற குட்டிச் சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' என்ற இன்னொரு குட்டிச் சொல். நம் ஊருக்கு ஆங்கிலம் வந்த வழி பள்ளி, கோர்ட், கலெக்டர் கச்சேரி, அலுவலகம். அதனால் எழுத்து ஆங்கிலம் நமக்கு நன்றாக ஊறிவிட்டது, அடுப்படி ஆங்கிலம் வந்து சேரவே இல்லை. 'போஸ்ட்போன்' ஆங்கிலம் படிக்காத நம் தாத்தாவுக்கும் தெரிந்த சொல். அதற்கு எதிராக 'ப்ரீபோன்' என்று ஒன்றையும் நாம் உண்டாக்கிப் புழக்கத்தில் விட்டோம். 'புட் ஆஃப்' மட்டும் பட்டப்படிப்பு முடித்த பிறகும் நாக்கில் ஏறுவதில்லை.

ஆகவே உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை இந்த வினைக்கூட்டுகளுக்குக் கொடுங்கள். ஃப்ரேசல் வெர்ப் என்று இலக்கணப் புத்தகங்கள் சொல்வது இவற்றைத்தான். 'கம் அப் வித்', 'புட் அப் வித்', 'டர்ன் டவுன்', 'டர்ன் அவுட்', 'எண்ட் அப்', 'கெட் அவே வித்', 'ஃபால் த்ரூ', 'சார்ட் அவுட்' போன்றவை ஒரு மணி நேரப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலம் தெரிந்தவர் என்று ஒருவரைக் காட்டுவது இவற்றின் மேல் அவருக்கு இருக்கும் பிடிதான் என்பது என் கருத்து. அலங்காரமான மரபுத்தொடர்கள் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதில் தமிழ் பேசுகிறவருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. 'கண்டுபிடி', 'கைவிடு', 'வாங்கிக் கட்டிக்கொள்' எல்லாம் இந்த வகைதான். வெளிநாட்டவர் ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு, 'அவன் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்' என்று கேட்டால் எதை வாங்கினான், எங்கே கட்டினான் என்று முழிப்பார். நாமோ மூன்று வயதிலேயே இதில் தேறிவிட்டோம். இன்னும் நுட்பமான ஒற்றுமையும் உண்டு. 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவதில் மிச்சம் வைக்காமல் முடி என்ற தொனி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் அதே வித்தியாசம். 'ட்ரிங்க் அப்' குடித்துவிடு. 'யூஸ் அப்' தீர்த்துவிடு. 'டேர் அப்' கிழித்துப்போடு. நம்முடைய விடு, போடு, கொள், தொலை என்ற துணைவினைகள் செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' செய்கின்றன.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு குட்டிச் சொல்லுக்கும் ஒரு குணம் தெரிய ஆரம்பிக்கும். 'ஹேங் அரவுண்ட்', 'சிட் அரவுண்ட்', 'ஃபூல் அரவுண்ட்' மூன்றிலும் வேலை வெட்டி இல்லாமல் பொழுது போக்கும் வாசனை அடிக்கிறது. அது 'அரவுண்ட்' கொண்டுவந்தது. 'சாட்டிங் அவே' என்றால் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். 'ஃபைண்ட் அவுட்', 'ஒர்க் அவுட்', 'ஃபிகர் அவுட்' எல்லாவற்றிலும் மறைந்து கிடந்தது வெளியே வருகிறது. 'கால் ஆஃப்', 'புட் ஆஃப்', 'பிரேக் ஆஃப்' என்றால் ஏதோ ஒன்று அறுந்து விலகுகிறது. ஐடி வேலையில் இருக்கிறவர்களுக்கு 'லே ஆஃப்' பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாக் கூட்டுக்கும் இது பொருந்தாது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துப்போவது. அதை 'அப்'பின் குணத்திலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது. ஆனாலும் புதிய கூட்டு ஒன்று காதில் விழும்போது பாதியாவது ஊகிக்க இந்தப் பழக்கம் உதவும். பாதி ஊகம், மீதி சூழல். பிறந்ததிலிருந்து அந்த மொழியைப் பேசுகிறவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

இலக்கணத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் கட்டாயமாகக் கவனியுங்கள். 'இட்', 'தெம்', 'ஹிம்' வரும்போது சில கூட்டுகள் பிரிந்து அதை நடுவில் வாங்கிக்கொள்ளும், சில பிரியாது. 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. 'லுக் இன்டூ இட்' சரி, 'லுக் இட் இன்டூ' தவறு. பெயர்ச்சொல்லாக இருந்தால் 'புட் ஆஃப் தி மீட்டிங்', 'புட் தி மீட்டிங் ஆஃப்' இரண்டுமே சரி. விதியை மனப்பாடம் செய்வதைவிட, நோட்டில் எழுதும்போதே 'இட்' சேர்த்து எழுதிவிட்டால் போதும். 'புட் ஆஃப்' என்று எழுதாதீர்கள், 'புட் இட் ஆஃப்' என்றே எழுதுங்கள்.

நோட்டு என்றதும், எப்படி எழுதுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொடரும் பொருளுமாக இரண்டு பத்தி போட்டு எழுதும் நோட்டால் பயனில்லை. 'கெட் அவே வித்' என்ற ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். சக ஊழியர் ஒருவர் சோதித்துப் பார்க்காமலே அறிக்கையை அனுப்பிவிட்டார், யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொருவர் உங்களிடம் 'ஹவ் டிட் ஹி கெட் அவே வித் இட்?' என்கிறார். நோட்டில் முதலில் அந்த முழு வாக்கியம். அடுத்து, யார் யாரிடம் சொன்னது: சமமானவரிடம், அந்த ஆள் இல்லாதபோது, கொஞ்சம் வியப்பும் கொஞ்சம் பொருமலுமாக. அடுத்து, அதே இடத்தில் நான் தமிழில் என்ன சொல்லியிருப்பேன்: 'அவன் மட்டும் எப்படிப்பா தப்பிச்சான்?' இந்தத் தமிழ் வரி முக்கியம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது, அந்த இடத்தில் நம் வாயில் உண்மையில் வரக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசியாக உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்: ஹெல்மெட் இல்லாமல் போய் போலீஸ் கண்ணில் படாமல் வந்த தம்பியைப் பற்றியோ, வீட்டுப்பாடம் செய்யாமல் தப்பித்த மகளைப் பற்றியோ.

இதே தொடர் வேறொரு நாள் வேறு வேடத்தில் வரும். பெயின்ட் வாங்கும்போது 'யூ குட் கெட் அவே வித் ஒன் கோட்' என்று ஒருவர் சொல்கிறார். இங்கே தப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒரு பூச்சு அடித்தே ஒப்பேற்றிவிடலாம் என்கிறார். அப்போது பழைய பக்கத்துக்குப் போய் இதையும் கீழே சேர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் அடியில் ஓடும் பொருள் ஒன்றே என்பது அப்போது புரியும்: செய்ய வேண்டியதைச் செய்யாமலே காரியம் நடந்துவிடுகிறது. இந்த அடிப்பொருள் பிடிபட்டபின் அந்தத் தொடர் மறப்பதில்லை. ஆங்கி போன்ற, இடைவெளிவிட்டு நினைவூட்டும் செயலியில் போடுவதென்றாலும், தொடரைத் தனியாகப் போடாமல் முழு வாக்கியத்தைப் போட்டு ஒரு சொல்லை மட்டும் மறைத்து வையுங்கள்.

அப்புறம் ஒலி. தெரிந்த தொடரே பேச்சில் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 'புட் இட் ஆஃப்' என்று மூன்று சொல்லாக உங்கள் தலைக்குள் இருக்கிறது. அமெரிக்கர் வாயில் அது 'புடிடாஃப்' என்று ஒரே சொல்லாக வருகிறது. 'ஷுட் ஹேவ்' 'ஷுடவ்' ஆகிறது. நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது ஒலி திரியும் என்று பள்ளியில் தமிழிலக்கணத்தில் படித்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் பேச்சில் புணர்ச்சி உண்டு. எழுத்தில் காட்டுவதில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, இந்தக் கூட்டுகளில் பிரியும் வகையில் பெரும்பாலும் அழுத்தம் குட்டிச் சொல்லின் மேல் விழும். 'புட் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கும். பெயர்ச்சொல்லாக மாறினால் அழுத்தம் முன்னால் போய்விடும். 'செட் அப்' என்று வினையாகச் சொல்லும்போது 'அப்' மேலும், 'செட்டப்' என்று பெயராகச் சொல்லும்போது 'செட்' மேலும் அழுத்தம். நாம் பெரும்பாலும் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் இதைக் காது தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும். யூகிளிஷ் என்ற தளத்தில் ஒரு தொடரைத் தட்டினால், யூடியூப் வீடியோக்களில் மக்கள் அதை உண்மையில் சொல்லும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டும். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பைப் பிரித்தும் கேட்கலாம். ஒரு தொடரைப் பத்து வாயில் கேட்டுவிட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள்.

எந்த ஊர் ஆங்கிலம் என்பதும் கவனிக்க வேண்டியது. அமெரிக்க அலுவலகப் பேச்சில் பேஸ்பால் நிறைய உண்டு. 'டச் பேஸ்', 'பால்பார்க் ஃபிகர்', 'கர்வ்பால்', 'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. 'பால்பார்க் ஃபிகர்' என்றால் தோராயமான தொகை, குத்துமதிப்பு. விளையாட்டு நமக்குப் பழக்கமில்லாததால் இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிரிட்டனில் அந்த இடத்தில் கிரிக்கெட் இருக்கிறது, அங்கே நமக்கு விளக்கமே தேவையில்லை. பிட்ச்சை மூடி வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்னால், மழையில் நனைந்து வெயிலில் காயும் ஆடுகளத்தில் பந்து தாறுமாறாக எகிறும். அதுதான் 'ஸ்டிக்கி விக்கெட்', சிக்கலான நிலைமை. ஒருவர் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தால் 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள்.

ஒரே தொடர் இரண்டு நாட்டில் எதிரெதிராகப் பொருள்படுவதும் உண்டு. பிரிட்டிஷ்காரர் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்கிறார் என்றால் இப்போதே விவாதத்துக்கு எடுக்கிறார் என்று அர்த்தம். அமெரிக்கர் 'டேபிள்' செய்தால் கிடப்பில் போடுகிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் ஒரு கூட்டத்தில் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீண்ட நேரம், கசப்பு உண்டாகும் அளவுக்கு வாதாடியிருக்கிறார்கள். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான் என்பது பிறகுதான் தெரிந்தது. சர்ச்சில் தன் போர் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 'குவைட் குட்' என்பதும் இப்படித்தான். அமெரிக்கர் சொன்னால் பாராட்டு. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பல சமயம் 'பரவாயில்லை' என்பதோடு சரி.

இதிலிருந்து ஒரு படி மேலே போனால், ஒவ்வொரு சொல்லும் புரிந்தும் சேதி புரியாமல் போகும் இடம் வரும். உங்களைப் போல நல்ல நிலையில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்று எழுந்தால் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். அதைப் போன்ற தொடர்கள் பிரிட்டிஷ் அலுவலகத்தில் நிறைய. உங்கள் யோசனைக்கு 'ஐ வில் பேர் இட் இன் மைண்ட்' என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. 'யூ மைட் வான்ட் டு ரீ-ரைட் தி செகண்ட் பார்ட்' என்றால் விருப்பம் கேட்கவில்லை, இரண்டாம் பகுதியைத் திருப்பி எழுது என்கிறார். 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து வருவது மறுப்பு. காலையில் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்பது வணக்கம் மட்டுமே. அதற்கு உடல்நிலையை விவரிக்கத் தேவையில்லை, 'ஆல்ரைட், யூ?' என்று திருப்பிச் சொன்னால் போதும். இவற்றை எந்தப் பட்டியலும் முழுமையாகத் தராது. யார் எந்த நேரத்தில் சொன்னார், அதன் பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று கவனித்து, நோட்டில் அந்த விளைவையும் சேர்த்து எழுதுவதுதான் வழி.

நம் ஊர் ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'டூ தி நீட்ஃபுல்', 'ஐ ஹேவ் எ டவுட்' எல்லாம் இங்கே எல்லோருக்கும் புரிகிற, நமக்குள் முழு உரிமையோடு புழங்குகிற ஆங்கிலம். அதற்காக வெட்கப்பட வேண்டியதே இல்லை. 'டூ தி நீட்ஃபுல்' ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே புழங்கியதுதான். அங்கே வழக்கொழிந்தது, இங்கே நிலைத்தது. ஆனால் வெளிநாட்டவரிடம் பேசும்போது எவை குழப்பும் என்று தெரிந்திருக்க வேண்டும். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் அவர்களுக்குச் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்கும்; 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். கல்லூரியிலிருந்து 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். மேடைதோறும் நாம் கேட்கும் 'லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்' என்பதில் அந்த 'தி' இல்லாமல் 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' என்பதே வழக்கு. நிலைத்த தொடரில் ஒரு சின்னச் சொல் கூடினாலும் குறைந்தாலும் உடனே காதில் உறுத்தும். நன்றாகப் பேசுகிறவரிடம்தான் அந்த உறுத்தல் பளிச்சென்று தெரியும் என்பதால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

தமிழிலிருந்து நேராகத் தாவுவதிலும் கவனம் வேண்டும். 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்' என்பதற்குக் 'கைகழுவுதல்' கச்சிதமாகப் பொருந்துகிறது, முதலைக் கண்ணீர் இரு மொழியிலும் முதலைக் கண்ணீர்தான். ஆனால் 'புல்லிங் யுவர் லெக்' என்பது காலை வாரிவிடுவது இல்லை. நம்பியவரைக் கடைசி நேரத்தில் கவிழ்ப்பதைத்தான் நாம் காலை வாரிவிடுவது என்கிறோம். அவர்கள் சொல்வது சும்மா கேலி செய்வதை. மேலதிகாரி 'ஐ வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்' என்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

தொடர்கள் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது உதவுமா என்று பலர் கேட்பதுண்டு. உதவும். பெல்ஜிய மொழியியலாளர் ஃப்ராங்க் போர்ஸும் அவர் சகாக்களும் செய்த ஆய்வுகளில், மூலக் காட்சியை அறிந்து கற்றவர்களுக்கு மரபுத்தொடர் நன்றாக நினைவில் நின்றிருக்கிறது. எதிர்க்காற்று வந்து பாயைப் பின்னால் கம்பத்தோடு அறைந்தால் கப்பல் திடுக்கென்று நிற்கும். 'டேக்கன் அபேக்' அங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின், திகைத்துப்போவது என்ற பொருள் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் இணையத்தில் சுற்றும் கதைகளை அப்படியே நம்பாதீர்கள். கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழைக்கு வழுக்கி விழுந்ததால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்று 1990-களின் இறுதியிலிருந்து மெயிலில் பரவிய கதை வெறும் கட்டுக்கதை.

அகராதி வாங்குவதென்றால், மொழி கற்பவருக்கென்றே எழுதப்பட்டதை வாங்குங்கள். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் மூவரும் ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியானது. மரபுவழக்கும் தொடரமைப்பும் என்பதே அப்போது அதன் தலைப்பு. பிறகு ஆக்ஸ்ஃபர்ட் அதை 1948-இல் வெளியிட்டு, இன்று 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' என்று நம் மேஜையில் இருக்கிறது. 1987-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி, உரைத்தொகுப்பிலிருந்து எடுத்த உண்மையான வாக்கியங்களையே உதாரணமாகக் காட்டியது. பொருளை முழு வாக்கியமாகச் சொல்லும் அதன் முறை தொடர்களுக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு தொடர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கோகா என்ற அமெரிக்க ஆங்கில உரைத்தொகுப்பில் தேடிப் பாருங்கள். நூறு கோடி சொல் கொண்டது, பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே தேடலாம். பேச்சில் வருகிறதா, நாளிதழில் வருகிறதா என்றும் பிரித்துக் காட்டும்.

கடைசியாக ஐஇஎல்டிஎஸ். பேச்சுத் தேர்வில் ஏழாம் பேண்டு என்ற மதிப்பெண் நிலைக்கான விவரிப்பில், அதிகம் புழங்காத சொற்களையும் மரபுவழக்கையும் ஓரளவு பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பல பயிற்சி வகுப்புகள் 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்', 'பீஸ் ஆஃப் கேக்' என்று திணிக்கின்றன. அதே வாக்கியம் நடையையும் சொற்சேர்க்கையையும் பற்றிய உணர்வையும் கேட்கிறது. அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சினிமாவுக்கு எப்போதாவது போவீர்களா என்ற கேள்விக்கு எல்லோரும் 'புளூ மூன்' என்று ஒரே குரலில் சொன்னால், தேர்வாளருக்கு அது மனப்பாடம் என்று உடனே தெரிந்துவிடும். 'ஐ யூஸ்ட் டு கோ எ லாட், பட் ஐ நெவர் ரியலி கெட் ரவுண்ட் டு இட் தீஸ் டேஸ்' என்று சொன்னால், அலங்காரம் எதுவும் இல்லாமலே மொழி உங்கள் கைக்குள் இருப்பது தெரியும். ஐரோப்பிய மொழித்தர அளவுகோலான சிஇஎஃப்ஆர், சி1 என்ற மேம்பட்ட நிலையில் கேட்பவர் பலவகை மரபுத்தொடர்களையும் பேச்சுவழக்கையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்கிறது. அடையாளம் காண்பது வேறு, தானே சொல்வது வேறு. ஆயிரம் தொடர் புரிந்தால் நூறு வாயில் வந்தால் போதும். மரணம், கோபம், கேலி சம்பந்தப்பட்டவற்றைப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 'கிக் தி பக்கெட்' என்றால் மண்டையைப் போடுவது. துக்கம் விசாரிக்கும்போது அதைச் சொல்லிவிட்டால் நட்பே போய்விடும்.

தேர்வுக்கு முந்தைய வாரங்களில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். நோட்டில் ஏற்கெனவே இருப்பவற்றில், பல வாயில் கேட்டுக் காது பழகியவற்றை மட்டும் எடுத்து, தினமும் உங்கள் வேலையைப் பற்றியோ ஊரைப் பற்றியோ இரண்டு நிமிடம் பேசி ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த இடத்தில் வேகம் குறைந்து, தொடர் தனியாகத் துருத்திக்கொண்டு ஒலிக்கிறதோ, அந்தத் தொடர் இன்னும் உங்களுடையதாகவில்லை. அதைத் தேர்வில் விட்டுவிட்டு எளிய சொல்லிலேயே சொல்லிவிடுங்கள்.